டூபா முந்திக்கொண்டது

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா,

நேற்று என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டாய். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பாயா, இல்லை ஹோட்டல் மேசை ஆடாமல் இருக்க மடித்து முட்டுக் கொடுப்பாயா, தெரியவில்லை. முட்டுக் கொடுப்பதானாலும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று இரண்டு தாளாகவே எழுதுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். உன் முதுகுக்குப் பின்னால் அது எப்படி நடந்தது என்பது தெரியாது.

நீ வயலினில் தனியாக வாசிக்கும் பகுதி வந்துவிட்டால் எங்கள் இசைக்குழுவின் அறுபது பேருக்கும் வேலை கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை. கிளாரினெட் வாசிக்கிற அம்மாள் உதட்டுச் சாயத்தைச் சரிபார்ப்பாள். என் பக்கத்து டிராம்போன்காரர், வாய் எப்போதும் திறந்தே இருப்பதால் தபால்பெட்டி என்று பெயர் வாங்கியவர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். நான் டூபாவை, அவ்வளவு பெரிய பித்தளைக் குழலை, மடியில் வைத்துக்கொண்டு, பால் குடித்த பிள்ளையை ஏப்பம் விடத் தட்டுகிற தகப்பன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். என் சுரத்தாளில் அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு. கோட்டின் முடிவில் நானே பென்சிலால் எழுதி வைத்தது: 'டிரில் கேட்டதும், உரக்க.'

உன் டிரில் இருக்கிறதே, பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டைக் குளிர்ஜுரம் கண்ட மாதிரி நடுங்க வைப்பாயே, அதுதான் எங்களுக்குப் பள்ளிக்கூட மணி. ஒத்திகையில் நீ அதை மட்டும்தான் வாசித்துக் காட்டினாய். "இங்க நான் கொஞ்ச நேரம் ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பேன், கடைசியில இப்படி வரும்" என்றாய், ஒரு டிரில் போட்டாய், வயலினைப் பெட்டியில் வைத்தாய். பெரிய கலைஞர்கள் எல்லோரும் அப்படித்தான். கச்சேரிக்கு முன்னால் சரக்கைக் காட்டமாட்டார்கள். நாங்களும் மகிழ்ச்சியாகத் தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

நேற்று மாலை நீ வாசித்துக்கொண்டே வந்தாய். டிரில் வந்தது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து ஊதினேன்.

வேறு யாரும் ஊதவில்லை, அக்கா.

நிமிர்ந்து பார்த்தால், எங்கள் குழுவை நடத்துகிறவர் குச்சியை அக்குளில் செருகிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். (ஆளும் மெலிவு, குச்சியும் மெலிவு, அதனால் நாங்கள் வைத்த பெயர் ஊசி.) நீ போட்டது முடிவு டிரில் இல்லையாம். போகிற வழியில் சும்மா ஒரு தடவை நடுங்கிவிட்டு மேலே போகிற டிரிலாம். இது எனக்கு எப்படித் தெரியும்? அரங்கம் முழுக்கச் சிரித்தது. அப்புறம் நீ என்ன வாசித்தாய் என்று எனக்குத் தெரியாது. காது இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன. டூபாவின் வாய்க்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டேன். இந்த வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நேற்றுத்தான் முழுப் பலன் கிடைத்தது. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்களாம். தபால்பெட்டி சொன்னார்.

காலையில் மேலாளரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. விளக்கம் கொடுக்க வேண்டும். 'இந்தக் குழுவில் ஒன்று நான் இருப்பேன், இல்லை அந்த டூபா இருக்கும்' என்று ஊசி சொல்லியிருக்கிறார். நான் போனால் எங்கே போவேன்? வயலின்காரர்களுக்கு ஊருக்கு நாற்பது நாற்காலி. டூபாவுக்கு ஊருக்கு ஒன்றுதான். அதிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ஆள் லேசில் சாகமாட்டான். ஊதி ஊதி நுரையீரல் கல்லு மாதிரி இருக்கும்.

ஆகையால் நீ ஒரு வரி எழுதிக் கொடு. 'அந்தச் சுரம் நானும் தம்பியும் முன்கூட்டியே பேசி வைத்தது.' அவ்வளவுதான். உன் பெயருக்கு இருக்கிற மதிப்புக்கு ஊசி வாயைத் திறக்கமாட்டார்.

என் வீட்டுக்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஊரே சும்மா இருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

பதில் தெரிந்தால் விளக்கத்திலேயே எழுதிவிடுவேன்.

உன் தம்பி

பிப்ரவரி 15

டேய்,

எழுதிக் கொடுக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தை நிதானமாகப் படி.

நீ ஊதியதற்காகக் கோபித்துக்கொண்டு போனேன் என்று நினைக்கிறாய். உன் மண்டைக்குள்ளும் டூபாவுக்குள்ளும் ஒரே அளவு காற்றுதான். மேடையை விட்டு இறங்கி உன்னைத் தேடித்தான் வந்தேன். கட்டிக்கொள்ளலாம் என்று வந்தேன், நம்பு. நடைவழியில் நீ மேலாளருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சு சார், அசிங்கமாப் போச்சு சார்" என்று நின்றாய். வாசல் காவலரிடமும் அதையே சொன்னாய். கோட்டு வாங்கி வைக்கிற பெண்ணிடமும். அவள் பாவம், உன்னை யாரென்றே அவளுக்குத் தெரியாது. அப்படியே திரும்பிவிட்டேன்.

அசிங்கம் எது என்று நான் சொல்கிறேன். அந்தத் தனிப் பகுதியைப் பல வருஷமாக ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் அது என்னுடையதாக இருந்தது. பிறகு விரல்களுடையதாகிவிட்டது. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். அன்றைக்கு நீ ஊதுவதற்குச் சற்று முன்னால், நாலு தந்தியிலும் பொறி பறக்க ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் என்ன யோசித்தேன் தெரியுமா? சாம்பல் நிறச் சட்டையைத் துவைக்கப் போட்டேனே, அதில் அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுப்பார்களா மாட்டார்களா என்று. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பொத்தானுக்காக.

அப்போது பின்னால் ஒரு கப்பல் சங்கு ஊதிக்கொண்டு கரைக்கு வந்தது.

கேட்காத மாதிரி மேலே போயிருக்கலாம். நாகரிகமானவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் சுரத்தைக் கீழ்த் தந்தியில் எடுத்து, நீ முடிவில் விட்ட இருமலோடு சேர்த்துத் திருப்பி வாசித்தேன். சிரித்தார்கள். கொஞ்சம் வளைத்து இன்னொரு தடவை. அதற்கும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த சுரம் எது என்று தெரியாமல் அதன் வாசலில் நின்றேன். பயமாக இருந்தது. நான் வாசிப்பதை நானே காது கொடுத்துக் கேட்டேன். கேட்டு எத்தனை காலமாயிற்று!

இதைப் 'பேசி வைத்தது' என்று எழுதிக் கொடுத்தால், தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கிற வித்தையாகிவிடும். நான் நன்றாக வாசித்த ஒரே மாலை. அதை என் கையாலேயே பொய்யாக்கச் சொல்கிறாய். வேண்டுமானால் உங்கள் குழுவுக்கு உண்மையை எழுதுகிறேன்.

இன்னொன்று. ஒரு சுரத்தோடு ஏன் நிறுத்தினாய்? மூன்று தடவை கூப்பிட்டேனே?

அக்கா

பிப்ரவரி 26

அக்கா,

கப்பல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். மருந்துக்கடையில் நின்று நின்று அவளுக்கு எதையும் அளந்து கொடுக்கிற பழக்கம் வந்துவிட்டது. "அண்ணி உங்களப் பாராட்டுறாங்களா, திட்டுறாங்களா?" என்றாள். "ரெண்டும்தான்" என்றேன். "அப்ப காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எடுத்துக்குங்க."

நீ குழுவுக்கு எழுதிய உண்மை வந்து சேர்ந்தது. விசாரணையில் மேலாளர் அதை எழுந்து நின்று வாசித்தார். 'என் தம்பி தப்பான இடத்தில் ஊதினான்' என்பது முதல் வரி. அதைக் கேட்டதும் ஊசி, "போதும், உக்காருங்க" என்றார். 'அதற்கு நான் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்ற இரண்டாவது வரியை அப்புறம் நான்தான் மேசையில் எட்டிப் பார்த்துப் படித்தேன், இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது. உபகாரம் என்றால் இதுவல்லவா உபகாரம்.

ஆனால் உடனே தூக்கவில்லை. காரணம் நீதான். அந்தக் கச்சேரியை மறுபடி எப்போது வைப்பீர்கள் என்று அரங்கத்துத் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறதாம். மே மாதம் பத்தாம் தேதி உன்னைத் திரும்ப அழைக்கப் போகிறார்கள். அன்றைக்கு நானும் உட்காரலாம். அதுதான் எனக்குக் கடைசிப் பரீட்சை. என் வாயிலிருந்து ஒரு சுரம் இடம் தப்பி வந்தாலும் மறுநாள் காலை டூபாவைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். குச்சி இறங்காமல் ஊதமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது ஊசி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் முந்திவிடுமோ என்று.

உன் தந்திகளின் மேல் ஆணையாகக் கேட்கிறேன். மே பத்தாம் தேதி ஒரே ஒரு டிரில். கடைசியில். நடுவில் நடுங்காதே. என்ன வாசிக்கப் போகிறாய் என்பதை ஒரு தாளில் எழுதி முன்னாலேயே அனுப்பு, நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன். உன் பக்கம் கலை இருக்கிறது, சரி. என் பக்கம் அடுப்பு எரிய வேண்டும்.

நீ கூப்பிட்டதாகச் சொன்னாயே. தபால்பெட்டிக்குக் கேட்டதாம். "உங்க அக்கா அத்தன தடவ கூப்பிடுறாங்க, நீ என்னய்யா உள்ள போய் உக்காந்துக்கிட்ட?" என்று கேட்டார். தூங்குகிற மனிதருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

நீ கேட்ட தாள் இதனுடன் இருக்கிறது. ஒரே ஒரு டிரில், கடைசியில். அதற்கு முன் மூன்று இறங்கு வரிசைகள். சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இனி எல்லா ஊரிலும் இதையே வாசிக்கப் போகிறேன், கைக்குப் பழக வேண்டுமல்லவா. வரும் வியாழக்கிழமைக் கச்சேரி வானொலியில் வருகிறது. விருப்பமிருந்தால் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேள். ஒரு சுரமும் மாறாது.

உன் வேலை முக்கியம். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

உன் வீட்டுக்காரியையும் பெண்ணையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

'தம்பிக்கு' என்று ஆரம்பித்திருந்தாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'டேய்' போடாத அக்கா உடம்பு சரியில்லாத அக்கா.

வியாழக்கிழமை கேட்டோம். என் வீட்டுக்காரி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் உன் தாளை மடியில் விரித்து, விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். நீ சொன்ன மாதிரியே ஒரு சுரமும் மாறவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்லி உட்கார்ந்த மாதிரி இருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். டிரில் வந்தது. குழு உள்ளே வந்தது. கைதட்டினார்கள்.

தேய்க்கிற பெட்டியை நிறுத்திவிட்டு இவள், "யாரு வாசிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"யாரா? அக்காதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணி எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அரங்கத்துக்குப் போய், ஒலிப்பதிவுக்காரரைக் கெஞ்சி, பிப்ரவரிக் கச்சேரியைப் போடச் சொன்னேன். அன்றைக்கு வாசித்த அறுபது பேரில் அதைக் கேட்காதவன் நான் ஒருவன்தான் என்பதால் பாவம் பார்த்துப் போட்டார். என் சுரம் வந்த இடத்தில் அவரும் நானும் நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தோம். அதற்கப்புறம் நீ போனாய். எனக்கு மூக்கு அடைத்துவிட்டது. அவர் ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்துவிட்டு, மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனியாக வாசிக்கிறவர்களை நான் எப்போதும் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும், நமக்கு முழங்கை தெரியும். ஒரு செல்லோக்காரர் வருவாரே, வேகத்துக்குப் பேர் போனவர். அவர் வாசிக்கும்போது தபால்பெட்டிகூட விழித்திருப்பார். கழைக்கூத்தாடி கயிற்றிலிருந்து விழுந்துவிடுவானோ என்கிற விழிப்பு அது. விழவில்லை என்று தட்டிவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்து யோசித்தால் வேகம் ஞாபகமிருக்கும், பாட்டு இருக்காது. புல்லாங்குழல்காரர் ஒருவர் இருக்கிறார், தானே உருகித் தானே அழுதுவிடுவார். நமக்கென்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார். போன வருஷம் பியானோ வாசிக்க ஓர் அம்மாள் வந்தாள். உட்கார ஒரு ஆளும் எழுப்ப ஒரு ஆளும் வேண்டும். அவள் தனிப் பகுதியின் நடுவில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அப்படியே நின்றாள், கதவைத் தட்டிவிட்டு யாராவது திறப்பார்களா என்று காத்திருக்கிற மாதிரி. மறந்துவிட்டாளோ என்று நான் பயந்தேன். அடுத்து இதுதான் வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு சுரத்தைத் தயாராக வைத்திருந்தோம். அவள் வேறொன்றைத் தொட்டாள். தொட்ட பிறகுதான் தெரிந்தது, அதைத் தவிர வேறெதுவும் அங்கே வந்திருக்க முடியாதென்று. வேகமெல்லாம் அவளிடமும் இருந்தது, பெட்டியில் நகை இருக்கிற மாதிரி. இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

பிப்ரவரியில் நீ வாசித்தது அந்த ஜாதி. வியாழக்கிழமை வாசித்தது என் அடுப்பு எரிவதற்காக. எனக்கு அந்த அடுப்பில் வெந்தது இறங்கவில்லை, அக்கா.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நான் இரண்டாகத்தான் கிழித்தேன். நாலாக ஆக்கியது இவள்.

மே பத்தாம் தேதி நீ எத்தனை டிரில் வேண்டுமானாலும் போடு. நாற்காலி போனால் போகட்டும் என்று சொல்ல நான் வீரனில்லை. அது போகக் கூடாது, ராத்திரி தூக்கமே வருவதில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வேலையை நீ பார்.

தம்பி

மார்ச் 30

டேய்,

நாலு துண்டும் வந்தன. குப்பைக்கூடைக்குச் செலவு வைக்காமல் நீங்களே கிழித்ததற்கு நன்றி.

உன் வீட்டுக்காரி கேட்ட கேள்வியை ரெண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். அவளிடம் சொல், எங்கே போனேன் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று.

வீராப்பாக எழுதிவிட்டாய். எனக்கு இரண்டு பயம். ஒன்று, மேடையில் போய் நிற்பேன், ஒன்றும் வராது. பழையதை வாசிக்கமாட்டேன் என்று முடிவு செய்தாகிவிட்டது, புதிதாக ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது? நீ மறுபடி ஊதினால் என்ன, அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாமே என்றுகூட யோசித்தேன். யோசித்ததும் வெட்கமாக இருந்தது. அதுதான் இரண்டாவது பயம். எனக்கு நன்றாக வந்து, நான் என்னை மறந்து, எங்கேயாவது ஒரு டிரில் போட்டு, அதை நம்பி நீ ஊதி, உன் நாற்காலி போய்... அந்தக் கைதட்டலை நான் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன்?

எதையும் எழுதி வைக்கப் போவதில்லை. எதையும் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. ஒத்திகையில் வழக்கம்போல அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன்.

தாளைப் பார்க்காதே. என் முதுகைப் பார். என்னால் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான், முதுகைக் காட்டுவது.

அக்கா

மே 11, விமான நிலையம்

டேய்,

விமானம் தாமதம். முதலிலேயே தெரிந்திருந்தால் இருந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். மேடையிலிருந்து நேராகக் காருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. என்னடா ஆயிற்று?

நான் முன்பக்கம் பார்த்து நின்றேன், பின்னால் நடந்தது காதுக்கு மட்டும்தான் தெரியும். ஆரம்பத்தில் ஒன்றும் வரவில்லை. ஒரே சுரத்தை வில் தீருமட்டும் இழுத்தேன். பிறகு ஏதோ வந்தது. கொஞ்ச நேரத்தில் போதும், முடித்துவிடலாம் என்று தோன்றியது. மனதார முடிக்கத்தான் அந்த டிரிலைப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் மேலே ஒன்றைத் தொட்டுவிட்டது. தொட்டது நன்றாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். நகர்ந்த அதே நொடியில் கூரை என் தலையில் விழுந்தது. மொத்தக் குழுவும்!

சிரித்துக்கொண்டே வாசித்தேன். வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை. அறுபது பேருக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

ஆனால் அந்த இடியில் உன் சத்தம் இல்லை. எனக்குத் தெரியும். எல்லோர் சத்தமும் இருந்தது, அடியில் நீ இல்லை. கடைசியில் குழு சேர்ந்தபோது என் காது எதையும் வாங்கவில்லை. எழுந்து போய்விட்டாயா? முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார்களா? உடனே எழுது. இங்கே தண்ணீர்கூட இறங்கவில்லை.

அக்கா

மே 14

அக்கா,

தண்ணீர் குடி. நாற்காலி இருக்கிறது. நாங்கள் தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம், கச்சேரி முடிந்ததும் இவள் என்னையும் மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே சாப்பிடப் போய்விட்டாள். வேலை போயிருந்தாலும் சாப்பிட்டிருப்போம் என்றாள், ஆனால் இவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டோம்.

இனி நடந்ததைக் கேள்.

நீ ஒற்றைச் சுரத்தை இழுத்துக்கொண்டு நின்றாயே, அப்போது உன் தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. நான் டூபாவைத் தரையில் வைத்து, அதன் வாயில் என் கோட்டைப் போட்டு மூடியிருந்தேன், எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. தபால்பெட்டி அவராகவே என் கால்மேல் கால் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தாளைப் பார்க்கவில்லை. நீ சொன்ன மாதிரி முதுகைத்தான் பார்த்தேன். மெல்ல உன் தோள் இறங்கியது. அதற்கப்புறம் தபால்பெட்டி அழுத்துவதை மறந்துவிட்டார். கிளாரினெட் அம்மாள் பாதி உதட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு அந்த டிரில். அடேயப்பா! கேட்டவன் எவனும் அது முடிவு என்று சத்தியம் செய்வான். ஐம்பத்தொன்பது வாத்தியமும் மேலே போயின. ஊசி மூடிய கண்ணில் நீரோடு குச்சியைத் தூக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், 'எடுய்யா, எடுய்யா' என்று தபால்பெட்டி என்னைக் குத்தினார். நான் எடுக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். நீ ஒரு பகுதியை முடிக்கப் போகும்போது இடது முழங்காலை லேசாக மடக்குவாய், பளுவை இறக்கி வைக்கிற மாதிரி. பிப்ரவரி ஒத்திகையில் டிரிலை மட்டும் வாசித்தாயே, அப்போதுகூட மடக்கினாய். அன்றைக்கு நீ மடக்கவில்லை. நிமிர்ந்து, குதிகால் எழும்பி நின்றுகொண்டிருந்தாய். மனதார முடிக்கத்தான் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மனதுக்கு அப்படி இருந்திருக்கலாம். உன் கால் புறப்படத் தயாராக இருந்தது.

குச்சி இறங்கியது. குழு இறங்கியது. நீ அங்கே இல்லை.

ஐம்பத்தொன்பது பேர் ஒரே நேரத்தில் வெட்கப்பட்டு நீ பார்த்ததில்லை. ஒவ்வொருவராக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுகிற மாதிரி வாசிப்பதை நிறுத்தினார்கள். பெரிய முரசு வாசிக்கிறவர் மட்டும் தன்னால் இல்லை என்பது போல இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். ஊசி தூண்டில் போட்டவர் மாதிரி குச்சியை நீட்டியபடி நின்றார். நீ எங்கள் இடியின் மிச்சத்தை எடுத்து ஒவ்வொருவர் வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு போனாய். முரசுக்காரருக்குக்கூட ஒரு பதில் சொன்னாய், இரண்டு தட்டு, வில்லின் கட்டையால். அரங்கம் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. இந்த முறை என் காது கொதிக்கவில்லை. எல்லாம் கேட்டது.

இதுவரை உனக்குப் பாதி தெரியும். தெரியாதது இனிமேல்.

நீ நிஜமாகவே முடிவு டிரிலைப் போட்டாய். ஒருவரும் அசையவில்லை. யார் நம்புவார்கள்? டிரில் போய்க்கொண்டே இருக்கிறது. நீ இழுக்கிறாய், இழுக்கிறாய், இங்கே ஐம்பத்தொன்பது பேரும் அடிபட்ட பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஊசியின் குச்சி மேலே போகப் பார்த்து நடுங்குகிறது. அவர் உன்னைப் பார்த்தார். பிறகு, அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

உன் இடது முழங்கால் மடங்கியது.

கோட்டை உருவி எறிந்துவிட்டு டூபாவைத் தூக்கினேன். ஊதவில்லை, எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, குச்சி இறங்கட்டும் என்று உதட்டில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். டூபா எழும்பியதைப் பார்த்ததும் ஊசி கண்ணை மூடிக்கொண்டு குச்சியை இறக்கினார். அந்தச் சத்தத்தைத்தான் உன் காது வாங்கவில்லை. அடியில் நான் இருந்தேன்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஊசி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் தடவ குச்சி இறங்கிச்சே, நீங்க ஏன் வாசிக்கல?" என்றார் மேலாளர். ஒழுங்குமீறல் என்றால் ஒழுங்குமீறல்தானே.

"அவங்க இன்னும் முடிக்கல, சார்."

ஊசி திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு கண்ணக் காட்டியிருக்கலாம்ல?"

"நீங்க கண்ண மூடிக்கிட்டிருந்தீங்க, சார்."

முதலில் சிரித்தது ஊசிதான். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க ஆடுகிறது, உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளை அவரே எடுத்துக் கிழித்தார். எங்கள் குடும்பத்தோடு பழகினால் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

அத்தோடு ஒரு உத்தரவும் போட்டார். தனியாக வாசிக்க யார் வந்தாலும் சரி, இனிமேல் டூபா கடைசி வரிசையில் உட்காரக் கூடாது. அவர் கண்ணுக்கு நேரே, வயலின்களுக்குப் பின்னால், நடுவில். இன்று காலை நாற்காலியை நகர்த்திப் பார்த்தோம். என் பின்னால் உட்காருகிறவர்களுக்கு மேடையில் பாதி தெரியவில்லையாம். தபால்பெட்டி புகார் எழுதிக்கொண்டிருக்கிறார். படித்துப் பார்த்தேன், நன்றாகவே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு இடத்தில்தான் திருத்தம் சொன்னேன், 'தூக்கத்துக்கு இடையூறு' என்பதை அடிக்கச் சொல்லி.

தம்பி